மாமாவின் நோட்டு

டிவி ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கைத்தான், சார். பத்துக்கு எட்டு தடவை கோளாறு அங்கேதான் இருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுகிறவர்கள் இருப்பதால்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. தண்ணீர் வரி வாங்கும் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டுக்கு வந்தால் ஸ்குரு டிரைவரை எடுத்துவிடுவேன். பழைய கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், ரிமோட் எது கிடைத்தாலும் பிரித்துப் பரப்பிவிடுவேன். எங்கள் படுக்கையறையை என் மனைவி பிரேதப் பரிசோதனை அறை என்பாள். கேலிதான், கோபமில்லை.

அவள் வீட்டுக்கு நான் சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை பாலம் கட்டுகிற இன்ஜினீயர். அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். நான் வாயைத் திறந்தால் யாராவது எழுந்து கை கழுவப் போவார்கள். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். என்மேல் ஒரு குற்றம் சொல்லக்கூட அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

மாமியார் போன பிறகு மாமனார் தனியாக இருந்தார். மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர், பழைய படங்களை ஏற்றி நானே செய்த ஒரு சின்னப் பெட்டி எல்லாம் மாட்டிக்கொடுத்தேன். கோளாறு வந்தால் என் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகச் சரிசெய்ய ஒரு வழியும் வைத்துக்கொண்டேன். அன்று அவர் பெரிய மாப்பிள்ளையிடம் போனில், “சின்ன மாப்பிள்ளை கைல என்னமோ இருக்கு” என்று சொன்னதைச் சமையலறையில் நின்று கேட்டேன். முப்பத்தெட்டு வயதில் கண் கலங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாமா ரயில்வே சிக்னல் அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். லீவரை இழுத்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாதது நடக்காததற்குச் சமம். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு நோட்டு வைத்திருந்தார். முன்பக்கத்தில் டிவி போடும் முறை: சிவப்புப் பட்டன், பிறகு பச்சை விளக்கு, பிறகு இன்புட் இரண்டு, அதாவது என் பெட்டியின் படம் வருகிற எண். பின்பக்கத்தில், தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டதும் தேதிக்கு நேரே ஒரு டிக்.

மூன்று மாதம் டிவி ஒழுங்காக ஓடியது. அதனால் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருநாள் நான் வீட்டிலிருந்து எதையோ நோண்டப்போய் அங்கே இன்புட் மாறிவிட்டது. பத்தாவது நிமிடம் போன் வந்தது. போனேன். மாமா காபி போட்டுக் கொடுத்தார், நான் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், கிளம்பும்போது தோளில் தட்டினார். அது தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை தெரிந்தே மாற்றினேன்.

என் கம்ப்யூட்டரில் உங்கள் போலீஸ்காரர்கள் எடுத்த தேதிப் பட்டியல், நான் இப்படி மாற்றிய நாட்கள்தான். மொத்தம் நாற்பத்தொன்று. நோட்டில் இரண்டு என்றிருந்தால் டிவியில் மூன்றாக்குவேன். நான் போய்ச் சரிசெய்ததும் அவர் நோட்டில் அடித்துத் திருத்திக்கொள்வார். சில நாள் கழித்து மறுபடி இரண்டாக்குவேன். எல்லோரையும் போல அவரும் எந்திரத்தைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை.

“எந்திரம் தானா மாறுமா மாப்பிள்ளை? நான்தான் தப்பா எழுதியிருக்கேன்.”

தானாக மாறாது மாமா என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நிறுத்தியும் பார்த்தேன், சார். மூன்று வாரம் கை வைக்கவில்லை. அவர் தெளிவாக இருந்தார், நடக்கப் போனார், என்னைக் கூப்பிடவில்லை. நாலாவது வாரம் மறுபடி மாற்றினேன். வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறிவிட்டது.

பிறகு அவர் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய மாப்பிள்ளை ஞாபகமறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஏற்பாடு செய்தார். அழைத்துப்போனது நான். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார். மாமா முதலில் சரியாகத்தான் எழுதினார். பிறகு யோசித்து, ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத் தவறாக மாற்றி எழுதினார். பக்கத்து நாற்காலியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்ப நிலை என்று டாக்டர் சொன்னபோது வாயைத் திறந்திருக்கலாம்.  மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து குடும்பத்தில் எல்லோரும் மாமாவைப் பற்றி என்னிடம்தான் விசாரித்தார்கள். பெரிய மாப்பிள்ளைகூட.

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, நோட்டுல ஊசிக்கு டிக் இருக்கு. ஆனா போட்ட ஞாபகமே இல்ல. நோட்டை நம்பவா?”

நோட்டு சரி மாமா என்று சொன்னால் போதும். மூன்று சொல். ஆனால் பின்பக்கம் சரி என்றால் முன்பக்கமும் சரியாகத்தானே இருந்திருக்கும் என்று கேட்பார். சிக்னல் அறையில் இருந்த மனுஷர், கேட்காமல் விடமாட்டார்.

“சந்தேகமா இருந்தா போட்டுக்குங்க மாமா” என்றேன்.

“சரி மாப்பிள்ளை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இரண்டு தடவை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். மதியம் சாப்பாடு கொண்டுபோன என் மனைவிதான் அவரைத் தரையில் பார்த்தாள்.

ஊசி விஷயத்தை அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன், சார். அது அவசரத்தில் வாய் தவறி வந்தது, அவள் புரிந்துகொள்வாள். டிவி விஷயத்தை மட்டும் அவளிடமும் பெரிய மாப்பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். மாமா என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பித்தான் கண்ணை மூடியிருக்கிறார். அந்தப் பேராவது எனக்கு இருக்கட்டும்.