நெறியாளர் அடித்த வரி

"எங்க சாரு, அவரு எழுதுன வரியையே செவப்பு மையில அடிச்சுட்டாருடி."

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள். சந்தைப் பேச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளுடைய நெறியாளர் நாவலும் எழுதுகிறவர் என்பது போகப்போகத் தெரிந்தது.

"இன்னாடி சொல்ற?"

"என் நடை கத மாதிரி கீதுன்னு ஒரு அத்தியாயத்த மூணு தபா திருப்பிட்டாரு. இந்த தபாவும் போச்சுன்னா கெடு முடிஞ்சிரும்னு பயம். அவரு நாவல்லயே சந்தையப் பத்தி ஒரு வரி தெளிவா கீது. அத அப்டியே எடுத்து வச்சேன். 'கொச்சை, ஆய்வுக்கு ஆகாது'ன்னு ஓரத்துல எழுதிட்டாரு."

"உங்க வரிதான் சார்னு சொன்னியா?"

"புஸ்தகத்தையே தொறந்து காட்னேன். கண்ணாடியத் தொடச்சுகினு ரெண்டு வாட்டி படிச்சாரு. 'அது நான் எழுத்தாளனா இருந்து எழுதுனது. இப்ப நான் நெறியாளர்'னாரு."

தோழிக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

"அப்ப அந்த வரியத் தூக்கிட்டியா?"

"இல்லடி. மேற்கோள் குறி போட்டு, அடிக்குறிப்புல அவரு பேரப் போடச் சொன்னாரு. போட்டேன். அதே வரிக்குப் பக்கத்துல 'செறிவான நடை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டாரு."