அந்தப் படத்தில் மலை எங்கே?

மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் விழாத் தலைவர், மளிகைக்கடை சிங்காரவேலு அண்ணன் அவர்களே! செஞ்சிக் கடைத்தெருவின் சீர்மிகு பெரியோர்களே! சீரியலைத் தியாகம் செய்து வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

போன வாரம் ஒரு வீடியோ வந்ததே! 'செஞ்சிக் கோட்டை வாசலில் தர்பூசணிக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள், உஷார்!' எனக்கு அனுப்பியவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். காற்று அவர் பக்கம்தான் அடிக்கிறது. முழுசாகப் பார்த்தேனா? இல்லை. எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேனா? அனுப்பினேன்! இந்தக் கோட்டையைப் பிடிக்கப் படைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. என்னைப் பிடிக்க ஒரு வீடியோ போதும்!

கோட்டை வாசலில் தர்பூசணி விற்பது யார்? நம் ஜெயக்கொடி ஒருத்திதான். அனந்தபுரத்தில் குத்தகை நிலத்தில் அவளும் புருஷனும் விளைவித்த பழம். வீடியோ வந்த மறுநாளே வாங்க ஆளில்லை. வெயில் கொளுத்துகிறது, குவியலின் அடியில் பழம் அழுகுகிறது.

புத்தி சொல்லக் கிளம்பினேன் நான். "ஏம்மா, ஊசி போடலாமா?"

"இன்னாண்ணே, நீயுமா? முந்தாநேத்து மூணு துண்டு தின்னுட்டு நாலாவதுக்குக் கை நீட்டினியே, அப்ப தெரியலியா? குடு அந்த போனை!" பார்த்தாள். "இதுவா கோட்டை வாசலு? மலை எங்கண்ணே?"

மலை எங்கே?

செஞ்சியில் எந்தப் பக்கம் போனை நீட்டினாலும் ஒரு மலை வந்து முகம் காட்டுமே! கல்யாணப் படத்தில் மலை, காதுகுத்துப் படத்தில் மலை, தலைவர் கடைத் திறப்புப் படத்தில் மலை... என்னது? அது அண்ணனேதானா? ஐயோ, நான் சொல்லலைங்க!

அந்த வீடியோவில் இருந்தது கடல். கடல்! நம்ம ஊருக்குத் தண்ணி லாரியே ஒழுங்கா வர்றதில்லையே! கண்ணெதிரே நின்ற மலையை நம்பினோமா? கைக்குள் மின்னிய பொய்யை நம்பினோம்! நிமிர்ந்து பார்த்திருந்தால் நேர்ந்திருக்குமா? ஒருவராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

'அது பொய்' என்று அத்தனை குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். சீண்ட ஆளில்லை. ஊசி வீடியோவுக்குக் குவிந்த கைகூப்புப் பொம்மைகளில் உண்மைக்கு ஒன்றுகூட வரவில்லை.

அதனால்தான் எனக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள் என்றேன். அதோ, ஜெயக்கொடியின் வண்டி பந்தல் ஓரம் நிற்கிறது. முதல் துண்டு தலைவருக்கு. கடியுங்கண்ணே! வாய் சிவக்குதா? பழம்ணே, பயப்படாதீங்க! இரண்டாவது எனக்கு. அடடா... தாய்மார்களே, வாருங்கள், வண்டி காலியாகாமல் ஒருவரும் வீடு திரும்பக் கூடாது!

நாளைக்கே 'தர்பூசணி தின்ற பேச்சாளர் மேடையிலேயே மரணம்' என்று என் படத்தோடு செய்தி வரலாம். அழாதீர்கள். எனக்குப் பின்னால் மலை இருக்கிறதா என்று பாருங்கள். மலை இருந்தாலும், எதற்கும் எனக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாயில் பழம் இல்லாவிட்டால் எடுத்துப் பேசுவேன். நன்றி, வணக்கம்!