அப்பன் போடாத கையெழுத்து

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பள்ளியில் போடும் தடுப்பூசிக்குப் பெற்றோரைத் தேடிப் போய்க் கேட்கச் சோம்பல்பட்டு, சம்மதப் படிவங்களில் அவர்கள் பெயரை நானே ஆங்கிலத்தில் கையெழுத்தாகப் போட்டேன்.

சென்ற வாரம் மொரப்பூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கையில், மகளின் பள்ளி அனுப்பிய கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிப் படிவம்.

"இன்னும் கையெழுத்துப் போடலியா செல்வி?"

"நான் எதுக்குக்கா? பள்ளிக்கூடத்துலயே போட்டுக்குவாங்க. எனக்கு ஊசி போட்டப்ப எங்கப்பன் இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டிருந்தாரு."

"உங்கப்பன் கைநாட்டாச்சே!"

"அதாங்க்கா அதிசயம். எனக்கு ஊசி குத்தறதுக்குள்ள அவருக்குப் படிப்பு வந்திருச்சு."

"அதுக்காவ புள்ளைக்குப் போடாம வுட்ருவியா?"

"அன்னிக்குக் கேக்காம குத்துனவங்க, இன்னிக்கு மட்டும் நெசத்த சொல்லிருவாங்களா? போட மாட்டேன்க்கா."

அவள் திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன்; செல்வி என் பழைய மாணவி என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கினேன்.

"அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தாம்மா. தப்பு என்னோடது. ஊசி மேல தப்பில்ல, பாப்பாவுக்குப் போடுங்க."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஸ்ஸுல வழி பூரா ஒட்டுக் கேட்டுட்டு வந்தீங்களா சார்? நல்லது. எங்கப்பன் செத்து மூணு வருசமாச்சு. இத அவருகிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஊசி போட வர்ற நர்ஸம்மாவக் கேட்டுட்டுப் போடறேன். நீங்க சொன்னதுக்காவ இல்லீங்க."