மை பொரியாத ஸ்லைடு

நேற்று நீ வந்தபோது டீயைக் குடிக்காமலே போய்விட்டாய், ஷாலினி. வீட்டுக்கு வந்தவர்கள் டீயை ஆறவிட்டுப் போனால் எனக்குச் சங்கடமாக இருக்கும். கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறக்காததால்தான் எழுந்து போனாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

"அன்னிக்கி அந்த ஸ்லைடு எவ்ளோ நேரம் போட்டீங்க, அய்யா?" என்று கேட்டாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். உன் அப்பா மணிமாறன் மேடைப் பக்கமே வரக்கூடாது என்று உன் ஆயா கெங்கம்மாள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்டாட்டி சாகக் கிடந்தபோது, திரையில் தன் பேரைப் போட்டுக் கூப்பிட்ட ஸ்லைடைப் பார்த்தும் எழுந்து வராமல் சினிமா பார்த்தவன் என்று இருபத்தொரு வருஷமாகச் சொல்லிவருகிறாள். நீயும் அவரோடு பேசுவதில்லை. ஸ்லைடு ஒரு நொடிதான் திரையில் நின்றது என்று நான் சொன்னால், கவனிக்காமல் விட்டிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவரைக் கூப்பிடலாம் என்று பார்க்கிறாய். நியாயமான கேள்விதான்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. இப்போது டைல்ஸ் கடையாகிவிட்ட அந்தத் திண்டிவனம் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர் நான். 1994 சித்திரையில் அந்தப் படம் வந்தது. மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. பாட்டில்லை, சண்டையில்லை. கடைசி ரீலில் அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உப்பள வரப்பில் நடப்பாள். பதினோரு நிமிஷம் நடை மட்டும்தான். வீடு வந்ததும் குடத்தை இறக்கி வைப்பாள், படம் முடிந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜனங்கள் நாற்காலியைக் கிழித்துப் பஞ்சைத் திரைமேல் எறிந்தார்கள். "குடத்த எறக்குடீ, பேஜாரு பண்ணாத" என்று கத்தினார்கள். ஒருவன் எழுந்து போய் அவள் முகத்திலேயே வெற்றிலை எச்சிலைத் துப்பினான். ஈரத்துணி கொண்டுபோய்த் துடைத்தவன் நான். போகும்போது படிக்கட்டில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனார்கள். வாரா வாரம் அரிவாளையும் தொப்புளையும் பார்த்து ஊளையிடுகிற வாய்கள்தான் அவை. விழுப்புரத்தில் இரண்டே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

எங்கள் முதலாளி சீனுவாசன், "அந்த நடைய வெட்டுடா தேவநாதா, கொட்டாய கொளுத்திடுவானுங்க" என்றார். வெட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் எந்தப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, அதனால் தெரியவில்லை.

நாலாம் நாள் மேட்னிதான் கடைசிக் காட்சி. சாயங்காலம் படப்பெட்டி திரும்பப் போய்விடும். அன்று பெரிய முகூர்த்தம். ஊரில் இருந்த கார், வேன் எல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தன. முதலாளியும் டிக்கெட் கிழிப்பவரும்கூடச் சாப்பிடப் போய்விட்டார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். இடைவேளையோடு எட்டுப் பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவர் மட்டும் தூணோரத்து நாற்காலியில், தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். கேபின் ஓட்டை வழியாக அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டல் இல்லை, பீடி இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. இருபது வருஷ சர்வீசில் அப்படியொரு ரசிகரை நான் பார்த்ததில்லை.

அவர்தான் உன் அப்பா. விடிய விடிய மெட்ராசுக்குத் தர்பூசணி லோடு ஓட்டிவிட்டு வந்து, உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நீ பிறந்ததையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். கொட்டகையில் கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டு வருகிறேன் என்று உன் ஆயாவிடம் சொன்னாராம். பிள்ளை பிறந்த அன்று படம் பார்க்கப் போகிறேன் என்று யார்தான் மாமியாரிடம் சொல்வார்கள்? அவருடைய வேன் வாசலில் நின்றது, சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

நாலு மணி சுமாருக்கு உன் ஆயா கேபின் படியேறி வந்தாள். முந்தானையெல்லாம் ரத்தம்.

"எம் பொண்ணு பவானிக்கு ரத்தம் நிக்கலங்க. பாண்டிக்கு இட்டுக்கினு போவச் சொல்றாங்க, ஒரு காரும் கெடைக்கல. எங்க மாப்புள உள்ள கீறாரு, ஜல்தியா கூப்புடுங்க."

கடைசி ரீல் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது.

"உள்ள எரநூறு பேரு இருட்டுல குந்திக்கினு இருக்காங்கம்மா. நீ போய் எப்படித் தேடுவ? ஸ்லைடு போடுறேன், ரெண்டு நிமிசத்துல வந்துடுவாரு. கீழ கேட்டாண்ட நில்லு" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

கண்ணாடித் துண்டில் மை பூசி ஊசியால் எழுதினேன். "வானூர் மணிமாறன் உடனே வெளியே வரவும்." என் கையெழுத்து நன்றாகவே இருக்கும். எழுதிவிட்டு எட்டிப் பார்த்தால், திரையில் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் முகத்தின்மேல் வெள்ளையாக எழுத்தைப் போட்டு, இருந்த ஒரு மனிதரையும் வெளியே அனுப்பினால், அந்தக் குடத்தை அவள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் இறக்க வேண்டியிருக்கும். நாலு நாளாக எச்சில் துப்பல் வாங்கியவளுக்கு அதையும் செய்ய எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடியை மேஜைமேல் வைத்தேன்.

உன் ஆயா மறுபடியும் ஓடிவந்தாள். "போட்டாச்சும்மா, பார்த்துட்டாரு. படம் முடியற நேரம், வந்துடுவாரு" என்றேன். அவள் இத்தனை வருஷம் உன் அப்பாவைச் சபித்தது நான் சொன்ன இந்த வார்த்தையை நம்பித்தான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். உன் அப்பா கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. வாசலுக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுதிருக்கிறார். உன் அம்மா கிளியனூர் தாண்டும்போது போய்விட்டாள். கால் மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பாண்டியில் டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அந்த ஸ்லைடையும் வைத்திருக்கிறேன், உடையாமல் பிரி. விளக்கின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாலே சூட்டில் மை பொரிந்து உரிந்துவிடும். இதில் ஒரு எழுத்தைச் சுற்றிக்கூட மை பொரியவில்லை, பார். நான் அதைப் போடவே இல்லை. கெங்கம்மாளிடம் காட்டு. போலீசிடம் காட்டினாலும் சரி, நான் வீட்டில்தான் இருப்பேன். உன் அம்மாவைச் சாகவிட்டது நான். உன் அப்பா மேடையில் நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று படம் ஆரம்பித்ததுமே தூங்கிவிட்டதாக அவர் எல்லோரிடமும் சொல்கிறார் என்றாய். அதை ஒத்துக்கொண்டால் எனக்குத்தான் நல்லது. தூங்கினவருக்கு ஸ்லைடு போட்டு என்ன ஆகியிருக்கும் என்று நான் கை கழுவிவிடலாம். ஆனால் அது பொய். வெட்கத்தில் சொல்கிறார். அந்தப் படத்தை இந்த ஊரில் முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணத்தன்று பக்கத்தில் உட்காரவைத்துக் கேள், குடத்தை அவள் எந்தக் கையால் இறக்கினாள் என்று. சரியாகச் சொல்லுவார்.