பம்பை அடித்தால் விழுவாள்

பாஞ்சாலி: கைய விடுடா சுப்பராயலு. மேல்மலையனூர் பஸ்ஸு கெளம்புது.

சுப்பராயலு: போவட்டும்க்கா. நீ என்னோட விழுப்புரம் வா.

பாஞ்சாலி: அமாவாசையும் அதுவுமா ஆத்தா கோயில விட்டுட்டு, விழுப்புரத்துல எனக்கு யாரு இருக்கா?

சுப்பராயலு: டாக்டரு இருக்காரு.

பாஞ்சாலி: அது உனக்கு. மோட்டார் கொட்டாயில மயங்கி விழுந்தவன் நீ. நான் கல்லாட்டம் இருக்கேன்.

சுப்பராயலு: கல்லுதான்... பம்பை அடிச்சா பொத்துனு விழுற கல்லு.

பாஞ்சாலி: வாயக் கழுவு. அது ஆத்தா எறங்குறது. மொதல்ல நம்ம அம்மா மேல எறங்குனா, அதுக்கப்புறம் என் மேல. ஊரே பாத்துக்கினு இருக்குது.

சுப்பராயலு: அம்மா அந்தக் கோயில்லயே விழுந்து, எழுந்துக்கவே இல்லியேக்கா...

பாஞ்சாலி: ஆத்தா கூட்டிக்கினா. அந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும்?

சுப்பராயலு: எனக்குக் கெடைக்கப் பாத்துச்சு. மோட்டாரு டப்புனு வெடிச்ச சத்தத்துலதான் விழுந்தேன்.

பாஞ்சாலி: பித்த மயக்கம்னு சொன்னியே?

சுப்பராயலு: உன்கிட்ட அப்டிச் சொன்னேன். ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு டாக்டரு வேற சொன்னாரு. நெஞ்சுத் துடிப்புல கோளாறாம். பரம்பரையா வர்றதாம். திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தறிகெட்டு ஓடும், ஆளு விழுந்துடும். சில நேரம் தானா எழுந்துக்கும். சில நேரம்...

பாஞ்சாலி: நிறுத்து. எல்லாரும் பாக்குறாங்க.

சுப்பராயலு: திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல யாரு யாரப் பாக்குறா? வயசாயிட்டா இன்னும் உஷாரா இருக்கணுமாம். கண்ட மாத்திரை ஆவாது, வாந்திபேதி ஆவாது, பட்டினி ஆவாது... காலையிலேருந்து என்ன சாப்ட்ட?

பாஞ்சாலி: விரதம்டா.

சுப்பராயலு: ரொம்ப நல்லதாப் போச்சு. 'கூடப் பொறந்தவங்க யாராச்சும் மயங்கி விழுவாங்களா'ன்னு டாக்டரு கேட்டாரு. இல்லன்னுட்டேன்.

பாஞ்சாலி: ஏன்டா?

சுப்பராயலு: ஆத்தா எறங்குற அக்காவ நோயாளின்னு எந்த வாயால சொல்றது? சொல்லாம வந்துட்டேன். தூக்கம் புடிக்கல.

பாஞ்சாலி: அப்ப... என் மேல வர்றது ஆத்தா இல்லன்ற.

சுப்பராயலு: அத நான் சொல்லல. ஆத்தா வரட்டும். வந்தா நெஞ்சு தாங்கணுமா இல்லியா? மாத்திரை இருக்குதுக்கா. ஒரு ஈசிஜி... வலிக்காது.

பாஞ்சாலி: நல்லாப் பேசக் கத்துக்கின.

சுப்பராயலு: ...பஸ்ஸு போயிடுச்சு. கோவமாக்கா?

பாஞ்சாலி: கோவம் இல்லடா.

சுப்பராயலு: பின்ன ஏன் கண்ணத் தொடைக்கிற?

பாஞ்சாலி: யார்கிட்டயும் சொல்லாத. போன வாரம் மருமக வெச்ச குக்கரு விசில் அடிச்சுது... விழுந்துட்டேன். நேத்து எவனோ ஹாரன் அடிச்சான்... அதுக்கும். குக்கரு விசிலுக்கெல்லாமா நீ எறங்குவன்னு ஆத்தாகிட்டயே கேக்கத்தான்டா கெளம்பினேன்.