பிளாஸ்க்குக்கு ஒரு உறை

சின்னக் கடையில் பெரும்பாலான தொல்லைகள் சத்தமாகத்தான் வரும். ஷட்டர் கிறீச்சிடும், மின்விசிறி டொக்கு டொக்கென்று அடிக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டால், ஒரு திருகாணியை முறுக்கினால் அடங்கிவிடும். எங்கள் மருந்துக் கடையில் இதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் முன்னால் நின்று பேசுவான். எனக்குப் பேச வராது. இயற்பியல் படித்தவள், பின்னால் நின்று பழுது பார்க்க வரும்.

ஃபிரிட்ஜுக்குள் நீலக் கட்டம் போட்ட உறையோடு ஒரு பிளாஸ்க் எதற்கு, வெப்பமானியின் ஒயர் ஏன் அதற்குள் போகிறது என்று கேட்டீர்கள். உங்களுக்கு முன்பு ஆய்வுக்கு வந்தவர்கள் யாரும் அவ்வளவு குனிந்து பார்த்ததில்லை. தினமும் வெப்பநிலை எழுதும் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உட்காருங்கள் சார், வரிசையாகச் சொல்கிறேன்.

போன கோடையில் அந்த வெப்பமானி கூவத் தொடங்கியது. ஃபிரிட்ஜுக்குள் எட்டு டிகிரியைத் தாண்டினால் அது கூவும். காலையிலிருந்து சாயங்காலம்வரை விடாமல் கூவியது. மெக்கானிக் வந்து பின்பக்கம் கைவைத்துப் பார்த்தார்.

"கம்ப்ரசருக்கு மூச்சு வாங்குதும்மா. பார்ட் வர ரெண்டு வாரமாகும். அதுவரைக்கும் மருந்தையெல்லாம் வேற எங்கயாவது வைங்க."

வேறு எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை வாங்க வந்த ஒருவர், "இது மருந்துக்கடையா, கோழிப்பண்ணையா?" என்று சிரித்தார். அண்ணனுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. நெற்றியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"படிச்சுப் பட்டம் வாங்குனல்ல. முதல்ல அந்தச் சனியனோட வாயை அடை."

அடைத்தேன். தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால்தான் ஏரி மேலே உறைந்தாலும் அடியில் நான்கு டிகிரி நிற்கிறது; மீன்கள் அங்கே பிழைத்துக் கிடக்கின்றன. உயரமான பிளாஸ்க் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, ஜூஸ் கடையில் வாங்கிய பனிக்கட்டியை மேலே மிதக்கவிட்டு, ஒயரின் நுனியை அடிவரைக்கும் இறக்கினேன். நான்கு காட்டியது. கூவல் நின்றது.

"நீ பொழைச்சுக்குவ," என்றான் அண்ணன். அதற்கு முன் அவன் என்னைப் பாராட்டியதாக நினைவில்லை.

சத்தம் நின்றதும் நாங்கள் மெக்கானிக்கை மறந்துவிட்டோம். அவரும் எங்களை மறந்துவிட்டார்.

இரண்டு கடை தள்ளித் தையல் அக்கா இருக்கிறார். அவருக்கு ஒரே மகள். எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வயது, ஆறு வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. அக்கா ஒவ்வொரு முறையும் மருந்துக் குப்பியை வாங்கியதும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால்தான் பையில் போடுவார்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள்.

"சர்க்கரை இறங்கவே மாட்டேங்குதும்மா. டாக்டர் அளவைக் கூட்டிட்டார். அப்பவும் முன்னூறுக்குக் கீழ வரல."

"ஒளிச்சு வச்சு ஏதாவது திங்குறாளாக்கா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான்.

வாண்டு என்னை முறைத்தாள். "நான் என்ன எலியா, ஒளிச்சு வச்சுத் திங்க?"

"வாயைப் பாரு. எலியே தேவலாம்," என்று அக்கா அவள் தலையில் குட்டினார். பிறகு அந்த இடத்தையே தடவிக் கொடுத்தார்.

அவர்கள் போனபின் இன்னொரு வெப்பமானியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் குப்பிகளின் நடுவே வைத்தேன். முப்பத்தொன்று. அந்தச் சூட்டில் வாரக்கணக்கில் கிடந்தால் இன்சுலின் வீணாகிவிடும். ஆகவே, அன்றிலிருந்து எனக்குத் தெரியும்.

குப்பிகளைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் பதினான்கு வீடுகளுக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு முன் அண்ணனிடம் சொல்ல வேண்டும். நான் வாயில்லாப் பூச்சி. புதுச் சரக்கு வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். வந்தது. அதையும் இதே ஃபிரிட்ஜில்தான் வைத்தேன். எங்களிடம் வேறு ஃபிரிட்ஜ் இல்லை.

ஒரே ஒரு சிக்கல், அக்காவின் கன்னம். அவர் வருவதைப் பார்த்ததும் ஒரு குப்பியை எடுத்துப் பனிக்கட்டியில் அழுத்தி வைப்பேன். அண்ணனோடு அவர் பேசி முடிப்பதற்குள் அது குளிர்ந்துவிடும். கடைசியாக வந்தபோதும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கு," என்றார்.

அன்று வாண்டும் கூட வந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கொடுத்தேன். அவள் சட்டைப் பையில் ஒரு மிட்டாயும் போட்டேன். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி வழக்கமாகக் கொடுப்பதுதான். அவளுக்கு இனி சர்க்கரை இறங்காது என்று தெரிந்தும் கொடுத்தேன். பழக்கம்.

நான்காம் நாள் அவள் இறந்துபோனாள்.

துணி துவைக்கும்போது சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இருந்ததாம். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நீ அன்னைக்கே சொன்னம்மா. எனக்குத் தெரியாமத் தின்னுருக்கா. நான்தான் கண்டுபிடிக்காம விட்டுட்டேன்."

"பிள்ளைங்க அப்படித்தான்கா. உங்க மேல தப்பில்ல," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவ்வளவு நேரம் யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

போன மாதம் அக்கா ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தார். நான் தினமும் பனிக்கட்டி வாங்கப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். "வெறும் பிளாஸ்க்கா இருக்கேன்னுதான். வாண்டுக்கு அடுத்த வருசச் சட்டைக்கு எடுத்த துணி, சும்மாதானே கிடக்கு," என்றார். நல்ல கெட்டித் துணி. போட்டபின் பனிக்கட்டி இன்னும் ஒரு மணி நேரம் தாங்குகிறது.

உள்ளே இப்போது பதினொரு குப்பிகள் இருக்கின்றன. இன்று காலை ஒன்று கொடுத்தேன்.

குறிப்பேட்டை எடுத்துப் போவதென்றால் எடுத்துப் போங்கள் சார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு நாள்கூட நான் பொய் எழுதவில்லை. நான்கு என்று காட்டியது. நான்கு என்றுதான் எழுதினேன்.