டேரலுக்காக நான் கேட்ட துப்பாக்கி

எனக்கு மான்கறி அவ்வளவாகப் பிடிக்காது, வக்கீலம்மா. துப்பாக்கி உரிமை திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் என் சாப்பாட்டில் ஒன்றும் குறைந்துவிடாது. மார்சிதான் பிடிவாதமாக என்னை உங்களிடம் அனுப்பியிருக்கிறாள். அவள் கணவன் டேரல் என் துப்பாக்கியால் செத்தான். கவனக்குறைவு என்று எனக்குத் தண்டனை ஆனது, துப்பாக்கியைத் தொடும் உரிமையும் போனது. இப்போது அவளே நீதிபதி முன் நின்று, எல்மருக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறாளாம். அன்று நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரே மகன், கர்ட். டேரல் அவனைக் கொன்றது ஒரே குத்தில். மதுக்கடை வாசலில், யார் வண்டியை முதலில் நகர்த்துவது என்ற தகராறு. இருவருக்கும் ஒரே வயது, இருவரும் குடித்திருந்தார்கள். கர்ட் விழுந்த இடத்தில் பனி இறுகிக் கல்லாகக் கிடந்தது. அப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏரிக்கரையில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, மேலே தார்ப்பாய் மூடி வைத்திருந்தான். வசந்தம் வரட்டும் என்று.

டேரல் சிறைக்குப் போய்த் திரும்பி வந்தான். வந்தவனைச் சுடத்தான் போனேன். அதை மறைத்துப் பயனில்லை. மர ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கூண்டு வண்டியில் குடியிருந்தான். அன்று மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள். எங்கள் ஊரில் அன்று பாதிரியார்கூட வீட்டில் இருக்கமாட்டார். இவனோ ஜன்னலுக்குள் நின்றபடியே டப்பாவிலிருந்து பீன்ஸ் தின்றுகொண்டிருந்தான். தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. மார்சியோடு அப்போதே பழக்கம்தான். ஆனால் அவள் வீட்டுச் சுவரில் அவள் அப்பாவின் துப்பாக்கிகள் மாட்டியிருந்ததால், போலீசில் சிக்கிக்கொள்வோமோ என்று பயந்து அந்தக் கூரையின்கீழ் ஒரு இரவுகூடத் தங்காமல் இருந்தான்.

நான் வெளியே மரங்களுக்குள் நின்று யோசித்தேன். என் மகனிடமிருந்து இவன் எடுத்தது எவ்வளவு. இவனிடமிருந்து எடுக்க என்ன இருக்கிறது. இவனைச் சுட்டால் அது இரக்கப்பட்டுச் செய்ததாகிவிடும். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சில நாள் கழித்து மான்கறித் தொத்திறைச்சியோடு போய்க் கதவைத் தட்டினேன். அவன் கதவைத் திறந்து, இரு கைகளையும் தொங்கவிட்டு நின்றான்.

"அடிக்க வந்திருந்தா அடிச்சிடுங்க, மிஸ்டர் சன்ட்பி. நான் கையைக்கூடத் தூக்க மாட்டேன்."

"காபி இருக்கா?" என்று கேட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆலையில் அவனுக்கு நல்ல வேலை கிடைக்க நான்தான் மேஸ்திரியிடம் பேசினேன். குடியை விட்டான். குடியை விடுவோர் கூட்டத்துக்கும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பிறகு ஒரு நாள், நீதிமன்றத்தில் துப்பாக்கி உரிமையைத் திரும்பக் கேள் என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்றான். என் மூஞ்சியை வைத்துக்கொண்டு கேள் என்றேன்.

அரசு வக்கீல் கடைசிவரை எதிர்த்தார். நீதிபதி என்னைப் பார்த்து, யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை, இவனை நான் மன்னித்துவிட்டேன், இவனைத் திரும்பவும் ஒரு முழு மனிதனாகப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்றேன். சொன்னதில் பின்பாதி உண்மை. அங்கிருந்த எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பாதிரியார் என்னை வைத்தே பிரசங்கம் செய்தார். பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஊரில் இருந்த மற்ற சிறைமீண்டவர்களும் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களுக்காகவும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

 என் மனைவி ஆர்டிஸ் மட்டும், வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:

"நீ நல்லவன்தான் எல்மர், எனக்குத் தெரியும். ஆனா இவ்வளவு நல்லவன் இல்ல."

அந்த மாதமே டுலூத் நகரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுவரை திரும்பவில்லை.

டேரல் மார்சியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே குடிபோனான். முதல் வேட்டைக்காலத்தில் அவனை என் காட்டுக்குக் கூட்டிப்போனேன். காட்டுக்குள் தவறிப் பட்ட குண்டில் ஒருவன் சாவது எங்கள் பக்கம் புதிதல்ல. கையில் துப்பாக்கி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள், இருப்பவனைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தபடி அவன் முதுகைக் குறிபார்த்தேன். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை, பளிச்சென்று தெரிந்தது. இன்னும் நேரம் வரவில்லை, ஒரு குழந்தையும் பிறக்கட்டும் என்று துப்பாக்கியைத் தாழ்த்தினேன். அதைப் பொறுமை என்றுதான் நினைத்தேன்.

குழந்தை பிறந்தது. பெண். பனிக்காலத்தில் என் கூரையில் சேரும் பனியை அவன் வந்து தள்ளிவிட்டுப் போவான். எனக்குப் பொழுது போகாவிட்டால் நான் அங்கே போவேன். மார்சி என் தட்டை எடுத்து வைத்துக் காத்திருப்பாள். பாப்பா என் மீசையைப் பிடித்து இழுக்கும். குறிபார்த்ததையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். நம்பினால் நம்புங்கள்.

அடுத்த வேட்டைக்காலம். அன்று காலையிலேயே டேரல் நல்ல கலைமான் ஒன்றை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். நான் பரணிலிருந்து இறங்கிப் போனேன். மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே, பாதிரியார் உறைந்த ஏரியில் தூண்டிலோடு வழுக்கி விழுந்ததை நடித்துக் காட்டினான்.

"விழுந்தும் தூண்டிலை விடலையே அந்த மனுஷன். கர்த்தர் மேல இருக்குற பிடிப்பைவிட அதுமேல ஜாஸ்தி பிடிப்பு."

நான் சிரித்தேன். வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின வியாழன் கர்ட்டின் பிறந்தநாள். அன்று முழுவதும் நான் டேரலின் வீட்டில் தொட்டிலுக்குக் கம்பி சரிசெய்துகொண்டிருந்தேன். இரவு பன்றிக்கறி வறுவல் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். என் மகன் ஒரு நொடிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

டேரல் என் மகனை இரண்டாவது முறையும் எடுத்துக்கொண்டான் என்று அப்போது தோன்றியது. இந்த முறை கொடுத்தது நான். அது புரிந்துதான் இருந்தது. ஆனாலும் துப்பாக்கியை உயர்த்தினேன். நிதானமாகவே உயர்த்தினேன். விழுந்த மரத்தில் கால் தடுக்கியது, விசை தானாக அழுந்தியது என்று ஷெரிஃபிடம் சொன்னேன். அந்த மரத்தை நான் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் என் தோளைத் தட்டி உட்காரவைத்து, தன் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். டேரலுக்காக நீதிமன்றத்தில் நின்றவனை யார் சந்தேகப்படுவார்கள்.

மார்சியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

டேரல் உடனே சாகவில்லை, வக்கீலம்மா. பனியில் மல்லாந்து கிடந்து என்னைத்தான் பார்த்தான். என் கால் தடுக்கியதாக அவனே நினைத்துக்கொண்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்றேன். அவன் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.